கோலம் போடும் ஜிஃப் அசைபடம் ஏன் இவ்வளவு பெரிதாகிறது, சுடர் ஏன் இழுபடுகிறது?

தேக்கா வாசகி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பாளர் குழுவின் இணையப்பக்கத்துக்கும் மின்னஞ்சலுக்கும் பொதுவாகப் பயன்படும்படி, தீபாவளி வாழ்த்துப் படம் ஒன்றை அசைபடமாகச் செய்து தருவதாக ஒப்புக்கொண்டேன். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒவ்வோர் ஆண்டும் பெண்கள் கூடிக் கோலம் போடுவோம். அதையே படமாக்க நினைத்தேன். வெற்றுத் தரையில் முதலில் புள்ளிகள் வரிசை வரிசையாக விழும். பிறகு சிக்குக் கோலத்தின் கோடு மெல்ல வளைந்து வளைந்து புள்ளிகளைச் சுற்றி வரும். கோலம் முடிந்ததும் ஓரத்தில் உள்ள குத்துவிளக்கில் சுடர் ஏறி அசையும். 7 புள்ளியில் தொடங்கி இருபுறமும் 4 வரை குறையும் ஊடுபுள்ளிக் கோலம், மொத்தம் 37 புள்ளிகள். புள்ளி வரிசைகளுக்கு 7 ஃப்ரேம் (அசைவின் ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம்), கோட்டுக்கு 37 ஃப்ரேம், சுடருக்கு 16 ஃப்ரேம் என 60 ஃப்ரேம்கள். படத்தின் அளவு 600க்கு 600 பிக்சல். பின்னணிக்குக் கீழ்த்தளத்தின் சிமெண்டுத் தரையை நானே கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்தேன்.

வரைந்தபோது அழகாக இருந்தது. ஜிஃப் கோப்பாகச் சேமித்த பிறகுதான் சிக்கல்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. கோப்பு 9.4 மெகாபைட் ஆகிவிட்டது. யாருமே தொடாத தரைப்பகுதி, எறும்பு ஊர்வதைப் போல விடாமல் நடுங்குகிறது. கோடு இன்னும் சற்று வேகமாக ஓடட்டும் என்று ஒவ்வொரு ஃப்ரேமின் தாமதத்தையும், அதாவது அது திரையில் நிற்கும் நேரத்தையும், 3இலிருந்து 1ஆகக் குறைத்தேன்; வேகம் கூடுவதற்குப் பதிலாக வெகுவாகக் குறைந்துவிட்டது. சுடர் அசையும்போது பழைய சுடரின் நிழல் அழியாமல் இழுபட்டுக்கொண்டே வருகிறது. விளக்கைத் தனிப்படமாக வெட்டி எடுத்துப் பக்கத்தின் கருஞ்சிவப்புத் தலைப்பில் வைத்துப் பார்த்தால், அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு விளிம்பு தெரிகிறது. மின்னஞ்சலில் பெற்றவர்களுள் சிலர், கோலமே இல்லாத வெறுந்தரைதான் தெரிகிறது என்று பதில் எழுதியிருக்கிறார்கள்.

எந்தப் பொத்தானை அழுத்துவது என்று மட்டும் சொல்லாமல், இந்தக் கோப்புக்குள் என்னதான் நடக்கிறது என்பதையும் யாராவது விளக்கினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன். அடுத்து பொங்கலும் வருகிறது. அப்போதும் நான்தான் செய்யவேண்டியிருக்கும்.

செம்பவாங் வரைகலைஞர் எழுதியது:

வணக்கம் சகோதரி. உங்கள் சிக்கல்கள் ஆறு போலத் தெரிந்தாலும் அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். ஜிஃப் அசைபடத்தைச் சினிமாச் சுருள் போல, அதாவது முழுப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய கட்டு என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அது நீங்கள் தரையில் கோலம் போடும் முறைக்கே நெருக்கமானது. புள்ளி வைக்கிறீர்கள், அது அங்கேயே இருக்கிறது. அதன்மேல் கோடு இழுக்கிறீர்கள், அதுவும் அங்கேயே இருக்கிறது. ஒவ்வொரு இழைக்கும் தரையை முழுவதும் கழுவிவிட்டு முதலிலிருந்து யாரும் போடுவதில்லை. உங்கள் மென்பொருளோ 60 முறையும் தரையைக் கழுவிக் கழுவிப் போட்டிருக்கிறது.

கோப்பின் அமைப்பைச் சொல்கிறேன். தொடக்கத்தில் இது எந்தப் பதிப்பு என்று சொல்லும் 6 எழுத்துகள் இருக்கும். அடுத்த 7 பைட்டுகளில் படப்பரப்பின் அகலம், உயரம் போன்ற விவரங்கள் இருக்கும். அதன்பின் நிறப்பட்டியல். ஜிஃப் படம் ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் நேராக எழுதி வைப்பதில்லை. பட்டியலில் எத்தனையாவது நிறம் என்ற எண்ணை மட்டுமே எழுதும். அந்தப் பட்டியலில் அதிகபட்சம் 256 நிறங்கள்தான் இடம்பெற முடியும். பட்டியலைத் தொடர்ந்து ஃப்ரேம்கள் வரும். இங்கேதான் முக்கியமான செய்தி இருக்கிறது: ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் தன் இடம் எது, அகலம் உயரம் எவ்வளவு என்ற குறிப்பு தனியாக உண்டு. ஆகவே ஒரு ஃப்ரேம் முழுப் பரப்பையும் நிரப்ப வேண்டிய கட்டாயமே இல்லை. கோட்டின் ஒரு வளைவு 40க்கு 40 பிக்சல் சதுரத்துக்குள் அடங்குமானால் அந்த 1,600 பிக்சல்களை மட்டும் எழுதினால் போதும். முழுப் பரப்பு 3,60,000 பிக்சல். அதாவது 225 மடங்கு குறைவு.

இனி 9.4 மெகாபைட் எப்படி வந்தது என்று பாருங்கள். ஒரு பிக்சலுக்கு ஒரு பைட் வீதம் 60 முழு ஃப்ரேம்கள் என்றால் 2,16,00,000 பைட்டுகள். ஜிஃப் இதை எல்இசட்டபிள்யூ என்ற முறையால் சுருக்குகிறது. லெம்பெல், சிவ் ஆகிய இருவர் 1978இல் வெளியிட்ட முறையை 1984இல் வெல்ச் என்பவர் மேம்படுத்தியதால் மூவர் பெயரின் முதலெழுத்துகளும் சேர்ந்து அந்தப் பெயர் வந்தது. அது செய்வது எளிய வேலை. இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாகப் படித்துக்கொண்டு போகும். ஒருமுறை கண்ட தொடரைத் தன் அகராதியில் புதிய சொல்லாகச் சேர்த்துக்கொள்ளும். அதே தொடர் மறுபடி வந்தால் முழுவதையும் எழுதாமல் அந்தச் சொல்லின் எண்ணை மட்டும் எழுதும். ஒரே சிவப்பு நிறத்தில் 600 பிக்சல் கொண்ட ஒரு வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு சிவப்பு, அடுத்து இரண்டு சிவப்பு, அடுத்து மூன்று என்று சொல்லின் நீளம் ஏறிக்கொண்டே போவதால் 35 எண்களில் அந்த வரிசை முடிந்துவிடும். 16 நிறப் பட்டியலாக இருந்தால் அதற்கு 30 பைட்டுகூடத் தேவைப்படாது. 600க்கு 600 பரப்பு முழுவதும் ஒரே நிறமாக இருந்தாலும் அது ஏறத்தாழ 1 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். நானே காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது வியந்துபோனேன்.

சிமெண்டுத் தரையின் புகைப்படத்தில் அடுத்தடுத்த இரு பிக்சல்கள் ஒன்றுபோல இருப்பது அரிது. திரும்பத் திரும்ப வரும் தொடரே இல்லாத இடத்தில் அகராதிக்கு வேலை இல்லை. போதாததற்கு, புகைப்படத்தின் ஆயிரக்கணக்கான நிறங்களை 256க்குள் அடக்குவதற்காக மென்பொருள் டிதரிங் என்ற உத்தியைக் கையாண்டிருக்கும். கிடைக்காத நிறத்தைக் கிடைக்கும் நிறங்களின் பொடிப்புள்ளிகளால் தூவிக் காட்டுவதுதான் அது. 1976இல் வந்த ஃப்ளாய்ட்-ஸ்டைன்பெர்க் முறையில், ஒரு பிக்சலில் நேர்ந்த நிறப்பிழையை வலப்பக்கத்துக்கும் கீழ்வரிசைக்கும் பங்கிட்டுத் தள்ளிவிடுவார்கள். எனவே ஓர் இடத்தில் கோடு சற்று வளர்ந்தாலும் அந்தப் பிழை வழிந்து ஓடிக் கீழே உள்ள தூவல் முழுவதும் மாறிவிடும். நீங்கள் சொன்ன எறும்பு ஊர்தல் அதுதான். டிதரிங் கட்டாயம் வேண்டுமென்றால், பிக்சலின் இடத்தை வைத்தே தூவலை முடிவுசெய்யும் பேயர் வகையைத் தேர்ந்தெடுங்கள். அது ஃப்ரேமுக்கு ஃப்ரேம் இடம் மாறாது. என்னைக் கேட்டால் புகைப்படத்தையே விட்டுவிட்டுத் தரையை ஒரே கருஞ்சிவப்பாக வைத்துவிடுவேன். காவி பூசிய தரையில் வெள்ளைக் கோலம் எடுப்பாகவும் தெரியும்.

நிறப்பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். மென்பொருள் ஃப்ரேமுக்கு ஒரு தனிப்பட்டியல் வைத்திருந்தால், 256 நிறப் பட்டியல் ஒன்றுக்கு 768 பைட் வீதம் 60 ஃப்ரேமுக்கு 46,080 பைட்டுகள் பட்டியலுக்கே போய்விடும். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே பட்டியல் வைக்கலாம். தரை, கோடு, கோட்டின் ஓரத்தை மென்மையாக்கும் இரண்டு மூன்று இடைநிறங்கள், பித்தளையின் சாயல்கள், சுடரின் மஞ்சளும் செம்மஞ்சளும் என்று எண்ணினால் 16 நிறம் போதும். அந்தப் பட்டியல் 48 பைட்தான்.

தாமதத்தைப் பற்றிய உங்கள் குழப்பம் பலருக்கும் நேர்வது. ஜிஃப் கோப்பில் நேரத்தின் அலகு வினாடியின் நூறில் ஒரு பங்கு. 3 என்றால் 0.03 வினாடி. ஆனால் 0 அல்லது 1 என்று எழுதியிருந்தால் இன்றைய உலாவிகள் அதை நம்பாமல் 10 என்று எடுத்துக்கொள்கின்றன. அதனால்தான் 1 என்று வைத்ததும் உங்கள் கோலம் மும்மடங்குக்கும் மேல் மெதுவாகிவிட்டது. நடைமுறையில் 2தான் எல்லை. அது வினாடிக்கு 50 ஃப்ரேம். சினிமாவைப் போலச் சரியாக 24 வேண்டுமென்றால் ஐந்து ஃப்ரேமுக்கு 4, ஆறாவதற்கு 5 என்று மாற்றி மாற்றி வைத்தால் கணக்கு ஒத்துவரும். கோலத்துக்கு அவ்வளவு அவசரம் தேவையில்லை. 8 என்று வையுங்கள். வினாடிக்குப் பன்னிரண்டரை ஃப்ரேம், 37 ஃப்ரேமும் மூன்று வினாடியில் ஓடி முடியும். கை இழுப்பதைப் போன்ற நிதானம் கிடைக்கும்.

தேக்கா வாசகி எழுதியது:

மிக்க நன்றி ஐயா. நேற்றிரவே தரையைக் கருஞ்சிவப்பாக மாற்றிப் பார்த்தேன். நடுக்கம் அடியோடு நின்றுவிட்டது. ஆனால் சுடர் இன்னும் இழுபடுகிறது. மென்பொருளில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் "அப்படியே விடு", "பின்னணிக்குத் திரும்பு", "முந்தைய நிலைக்குத் திரும்பு" என்று மூன்று தேர்வுகள் இருக்கின்றன. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். சுடரின் நிழல் போய்விட்டது. ஆனால் சுடருக்குப் பின்னால் இருந்த கோலத்தின் ஒரு மூலையும் விளக்கின் முகமும் சதுரமாக வெட்டியெடுத்ததைப் போல மறைந்துவிட்டன. இவற்றின் வேறுபாடு எனக்குப் புரியவில்லை.

செம்பவாங் வரைகலைஞர் எழுதியது:

நீங்கள் கையாண்டது சரியான இடம்தான். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் முன்னால் 8 பைட்டுகள் கொண்ட சிறு குறிப்பு ஒன்று இருக்கும். அதில் மூன்று செய்திகள் உள்ளன: தாமதம் எவ்வளவு, பட்டியலில் எந்த நிறத்தை ஒளிபுகும் (அடியில் உள்ளதை அப்படியே காட்டும்) நிறமாகக் கொள்ள வேண்டும், இந்த ஃப்ரேமின் நேரம் முடிந்ததும் அதை என்ன செய்வது. மூன்றாவது செய்திதான் நீங்கள் பார்த்த தேர்வுகள்.

"அப்படியே விடு" என்றால் வரைந்தது வரைந்தபடியே இருக்கும், அடுத்தது அதன்மேல் வரும். புள்ளிக்கும் கோட்டுக்கும் இதுதான் பொருத்தம். "பின்னணிக்குத் திரும்பு" என்றால் அந்த ஃப்ரேம் இருந்த செவ்வகத்தை உலாவி துடைத்து வெறுமையாக்கிவிடும். கோலத்தின்மேல் ஈரத்துணி போட்டுத் துடைத்ததற்குச் சமம். மேலே இருந்த சுடர் மட்டுமல்ல, கீழே இருந்த கோலமும் விளக்கும் சேர்ந்தே போகும். "முந்தைய நிலைக்குத் திரும்பு" என்றால் இந்த ஃப்ரேம் வருவதற்கு முன் அந்த இடம் எப்படி இருந்ததோ அப்படியே மீட்டுத் தரும். சுடருக்கு வேண்டியது இதுதான். சுடர் ஏற்றாத விளக்கும் முடிந்த கோலமும் அடியில் இருக்கும். ஒவ்வொரு சுடரும் வந்து நின்று, தடயமில்லாமல் விலகிவிடும்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஒரு ஃப்ரேமுக்கு ஒரே செவ்வகம், ஒரே கட்டளை. கோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே மூலையில் சுடரும் அசைய வேண்டுமென்று நினைத்தால் இரண்டும் ஒரே செவ்வகத்துக்குள் வந்தாக வேண்டும். அப்போது முந்தைய நிலைக்குத் திரும்பு என்று சொன்னால் புதிதாக இழுத்த கோடும் அழிந்துவிடும். நல்லவேளையாக, நம் வீட்டு வழக்கத்தையே நீங்கள் பின்பற்றியிருக்கிறீர்கள். கோலம் போட்டு முடித்த பிறகுதானே விளக்கு வைக்கிறோம்! அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

விளக்கைச் சுற்றியுள்ள வெள்ளை விளிம்புக்குக் காரணம் வேறு. ஜிஃப் படத்தில் ஒரு பிக்சல் முழுவதும் தெரியும், இல்லையேல் முழுவதும் தெரியாது. பாதி தெரிவது என்ற பேச்சே கிடையாது. விளக்கின் வளைந்த ஓரங்களை மென்மையாக்குவதற்காக உங்கள் மென்பொருள் பித்தளை நிறத்தைப் பின்னணியோடு கலந்திருக்கும். அப்போது பின்னணி வெள்ளையாக இருந்ததால் ஓரத்து பிக்சல்கள் வெளிர்ந்த நிறத்தில் நிலைத்துவிட்டன; கருஞ்சிவப்பில் வைத்ததும் அவை காட்டிக்கொடுக்கின்றன. சேமிக்கும்போது ஓரநிறமாக உங்கள் பக்கத்தின் தலைப்பு நிறத்தையே கொடுத்துவிடுங்கள்.

மூத்த நிரலர் எழுதியது:

மேலே சொன்னவை அனைத்தும் சரி. நானும் இரண்டொன்று சேர்க்கிறேன்.

ஜிஃப் வடிவத்தை 1987இல் கம்ப்யூசர்வ் நிறுவனம் வெளியிட்டது. ஸ்டீவ் வில்ஹைட் தலைமையில் அது உருவானது. தாமதமும் ஒளிபுகும் நிறமும் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சேர்ந்தன. அந்தப் பதிப்பிலும் "திரும்பத் திரும்ப ஓடு" என்று சொல்ல வழியில்லை. பின்னர் நெட்ஸ்கேப் உலாவியின் 2ஆம் பதிப்புக்காக ஒரு சிறு துணைக்குறிப்பைச் சேர்த்தார்கள். மற்றவர்களும் அதையே ஏற்றுக்கொண்டார்கள். இன்றும் உங்கள் கோப்பைத் திறந்து பார்த்தால் அந்த உலாவியின் பெயர் உள்ளே எழுதப்பட்டிருக்கும். அந்தக் குறிப்பில் 0 என்றிருந்தால் முடிவில்லாமல் ஓடும். குறிப்பே இல்லாவிட்டால் ஒருமுறை ஓடி, கடைசி ஃப்ரேமில் நின்றுவிடும். கடைசிப் பகுதியை மட்டும், அதாவது சுடரை மட்டும், சுழலவிட இந்த வடிவத்தில் வழி கிடையாது. இணையப்பக்கத்தில் மட்டுமாவது அது வேண்டுமென்றால், கோலத்தை ஒருமுறை ஓடும் படமாகவும் சுடரை முடிவில்லாமல் ஓடும் தனிச் சிறுபடமாகவும் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கலாம்.

ஜிஃப் மட்டுமே வழி என்றும் எண்ணிவிட வேண்டாம். எல்இசட்டபிள்யூ முறைக்கு யூனிசிஸ் நிறுவனத்திடம் காப்புரிமை இருந்தது. அதற்குக் கட்டணம் கேட்கப்போவதாக 1994 இறுதியில் செய்தி வந்ததும், மாற்றாகப் பிஎன்ஜி என்ற வடிவம் பிறந்தது. அதை அசையும் வடிவமாக நீட்டிய ஏபிஎன்ஜி, 2008இல் ஃபயர்பாக்ஸிலும் 2017இல் குரோமிலும் இடம்பெற்றது. அதில் 256 நிற வரம்பு இல்லை, பாதி தெரியும் பிக்சல்களும் உண்டு. எனவே வெள்ளை விளிம்புச் சிக்கலே எழாது. அசையும் வெப்பி வடிவத்துக்கும் இதே நன்மைகள் உண்டு. சிமெண்டுத் தரையின் புகைப்படம்தான் வேண்டுமென்று நீங்கள் உறுதியாக இருந்தால், ஒலியில்லாத எம்பி4 காணொளியாகச் செய்து, தானாக ஓடும்படி பக்கத்தில் வைப்பதே முறை. காணொளி வடிவங்கள் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் என்ன நகர்ந்தது என்பதைக் கணித்துச் சுருக்குபவை; ஜிஃப் அதைச் செய்யாது. வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பும் ஜிஃப் படங்களும் அங்கே காணொளியாகத்தான் போகின்றன.

ஆனால் மின்னஞ்சலுக்கும் சேர்த்துத்தான் என்று சொன்னீர்கள். மின்னஞ்சலில் ஜிஃப்பைவிட நம்பத்தக்க அசைபட வடிவம் இன்னும் இல்லை என்பது என் அனுபவம். சில மின்னஞ்சல் மென்பொருள்கள் அசைவை ஓட்டாமல் முதல் ஃப்ரேமை மட்டும் காட்டி நின்றுவிடும். உங்கள் முதல் ஃப்ரேம் வெறுந்தரை. அவர்கள் பார்த்ததும் வெறுந்தரை. எனவே முடிந்த கோலத்தையும் ஏற்றிய விளக்கையும் முதல் ஃப்ரேமாக வைத்து, அதை மூன்று வினாடி நிறுத்திவிட்டு, அடுத்த ஃப்ரேமில் தரையைத் துடைத்துப் புள்ளியிலிருந்து தொடங்குங்கள். படம் சுழன்று ஓடுவதால், பார்ப்பவர்களுக்கு அந்த முதல் ஃப்ரேம் கடைசிக் காட்சி போலவே அமையும்.

பிடோக் ஆசிரியை எழுதியது:

தொழில்நுட்பம் என் துறை இல்லை. ஆனாலும் வாசிப்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மாணவர்களுள், வாசிக்கும் பத்திக்குப் பக்கத்தில் ஏதேனும் அசைந்துகொண்டே இருந்தால் ஒரு வரியைக்கூட முடிக்க இயலாதவர்கள் இருக்கிறார்கள். அசைவைக் கண்டாலே தலைசுற்றும் முதியவர்களும் உண்டு. இணையப்பக்கங்களுக்கான அனைத்துலக அணுகல் வழிகாட்டியில் இதற்கு விதியே இருக்கிறது. தானாகத் தொடங்கி, மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து 5 வினாடிக்கு மேல் அசைவது எதுவாக இருந்தாலும், அதை நிறுத்தவோ மறைக்கவோ வாசகருக்கு வழி இருக்க வேண்டும். வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் பளிச்சிடவும் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. சுடரைச் செய்யும்போது ஒளி முழுவதும் அணைந்து எரிவதைப் போல் வேண்டாம், நுனி மட்டும் சாயட்டும்.

ஜிஃப் படத்துக்குள் நிறுத்தும் பொத்தான் கிடையாது. ஆனால் கைத்தொலைபேசியிலும் கணினியிலும் "அசைவைக் குறை" என்ற அமைப்பு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அசைபடத்துக்குப் பதிலாக அசையாத படத்தைக் காட்டும்படி பக்கத்தை எழுத முடியும் என்று எங்கள் பள்ளியின் இணையப்பக்கத்தைக் கவனிப்பவர் செய்து காட்டினார். உங்கள் குழுவின் பக்கத்தைப் பராமரிப்பவரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள். அசையாத படமாக அந்த முதல் ஃப்ரேமையே கொடுத்துவிடலாம். படத்துக்கு ஒரு விளக்க வரியும் சேர்த்துவிடுங்கள். கண் தெரியாத வாசகருக்குப் படம் அசைந்தாலும் அசையாவிட்டாலும் அந்த வரிதான் கோலம்.

தேக்கா வாசகி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு மாலைகள் உட்கார்ந்து முதலிலிருந்து செய்தேன். இப்போது 61 ஃப்ரேம்கள்: முடிந்த கோலமும் விளக்கும் முதலில் 300 என்ற தாமதத்தோடு நிற்கின்றன, துடைக்கும் ஃப்ரேம் ஒன்று, பிறகு 7 புள்ளி வரிசைகள், ஒவ்வொன்றும் 20, கோட்டுக்கு 37 ஃப்ரேம், ஒவ்வொன்றும் 8, சுடருக்கு 15 ஃப்ரேம், ஒவ்வொன்றும் 10. சுடர் ஃப்ரேம்கள் மட்டும் முந்தைய நிலைக்குத் திரும்புபவை, மற்றவை எல்லாம் அப்படியே விடப்பட்டவை. சுடருக்கு 48க்கு 80 பிக்சல் செவ்வகம்தான் தேவைப்பட்டது. நிறங்கள் 16. கோப்பின் அளவு 64 கிலோபைட்.

துடைக்கும் ஃப்ரேமைத் தனியே சேமித்துப் பார்த்தேன். 600க்கு 600 தரை முழுவதும் ஏறத்தாழ 1 கிலோபைட்தான். 35 எண்களில் ஒரு வரிசை முடியும் என்ற கணக்கையும் என் மகனோடு சேர்ந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்; 34 எண்கள் வரை 595 பிக்சல் ஆகிறது, மிச்சம் 5 பிக்சலுக்கு 35ஆவது எண்.

பக்கத்தைப் பராமரிப்பவர் அசையாத படத்துக்கான ஏற்பாட்டையும் செய்துவிட்டார். விளக்க வரியாக இதைக் கொடுத்திருக்கிறேன்: "கருஞ்சிவப்புத் தரையில் 37 புள்ளிச் சிக்குக் கோலம் கோடு கோடாக வளர்கிறது, முடிந்ததும் ஓரத்துக் குத்துவிளக்கில் சுடர் ஏறுகிறது." வெறுந்தரையைப் பார்த்ததாகச் சொன்னவர்களுக்குப் புதிய படத்தை இன்று காலை அனுப்பினேன். இம்முறை கோலம் தெரிகிறது என்று பதில் வந்துவிட்டது.